டெல்மா ஏறிய கூரை

ஆல்டர் ஓடை முகாமின் வாசலில் மார்லா வேனை நிறுத்தியபோது மழை ஓய்ந்திருந்தது. வானத்திலிருந்து விழவில்லை, அவ்வளவுதான். மரங்களிலிருந்து விழுந்துகொண்டுதான் இருந்தது. அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில் நவம்பர் மாதத்து மழை நிற்பதில்லை. இடம் மாறி விழும்.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் லைல், காவல் அறை ஜன்னல் வழியே தலையை நீட்டினார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். கையில் ஆவி பறக்கும் காபி.

"எந்த எடம்?"

"பதினாலு. டாக்கெட்னு பேரு. டிரெய்லர் கூரை ஒழுகுதாம்."

லைல் கோப்பையைக் கீழே வைத்தார். "வெர்லின் டாக்கெட் வண்டியா? உனக்கு முன்னாடி மூணு பேர் வந்து பாத்துட்டாங்க. அதுல ஒருத்தன் சுத்தியலக்கூட எடுக்காம ஓடிட்டான். என்கிட்டதான் கெடக்கு. வேணும்னா நீ வச்சுக்கோ."

மார்லாவுக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு வருடமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. அந்தக் கடற்கரையில் அவள் ஏறாத டிரெய்லர் கூரை குறைவு.

"பழைய பூச்சு மேலயே புதுசப் பூசிட்டுப் போயிருப்பானுங்க, லைல். அடிவரைக்கும் சுரண்டி எடுத்தாத்தான் ஒழுக்கு நிக்கும்."

"சுரண்டாம இருந்தா நல்லதுன்னு தோணுது எனக்கு" என்று சொல்லிவிட்டு லைல் ஜன்னலை மூடிக்கொண்டார்.

பதினாலாம் இடம் முகாமின் கடைசியில், இரண்டு பெரிய ஊசியிலை மரங்களுக்கு அடியில் இருந்தது. முப்பது அடி நீள டிரெய்லர், சக்கரங்களின் மேல் நிற்கும் வீடு. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது ஓரமெல்லாம் பச்சைப் பாசி. அக்கம்பக்கத்தில் வேறு வண்டி ஒன்றுகூட இல்லை. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் உறுமுவது மட்டும் விடாமல் கேட்டது.

கதவைத் திறந்தவர் வெர்லின். முப்பது வருடம் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு.

"பொம்பளையவா அனுப்பியிருக்காங்க?"

"யாரும் அனுப்பல. கடையே என்னுதுதான்" என்றாள் மார்லா. "உள்ள விட்டா பாக்கறேன். இல்லன்னா வந்த வழியே போறேன்."

உள்ளேயிருந்து இருமலோடு ஒரு சிரிப்பு கேட்டது. "நல்லாக் குடுத்தே! உள்ள வா கண்ணு. அந்தாளு அப்படித்தான்."

அது நடீன், வெர்லினின் மனைவி. கல்யாணமாகி நாலு வருடம். மூக்கின் கீழ் ஆக்சிஜன் குழாயோடு, கம்பளி போர்த்திச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூலையில் ஆக்சிஜன் இயந்திரம் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டிரெய்லர் முழுக்க நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம்.

"செவுத்துக்குள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு, அதத்தான் தெனமும் மூச்சா இழுக்கறேன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள் நடீன். "இந்தக் குளிர்காலமும் இப்படியே ஒழுகினா அடுத்ததப் பாக்க நான் இருக்க மாட்டேன். இத விட்டா வேற வீடும் கெடையாது எங்களுக்கு."

மார்லா தலையைத் தூக்கிப் பார்த்தாள். உட்கூரையில் நாலு பழுப்பு வட்டங்கள். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டின் அளவு.

"மொத வட்டம் கட்டில் இருந்த எடம்" என்று நடீன் விரலால் காட்டினாள். "என் மூஞ்சிக்கு நேரா சொட்டுச்சு. கட்டில அங்க நகர்த்தினோம். அங்கயும் வந்துச்சு. அப்புறம் சோபாவுல படுத்தேன். அதுக்கு மேலயும். இப்ப இந்த நாற்காலியிலதான் தூங்கறேன். அதோ பாரு, நாலாவது."

"ஆமா, தண்ணிக்கு இவ மேல காதல்" என்றார் வெர்லின்.

"ஓட்டை ஒரு எடத்துல இருக்கும், ஒழுக்கு வேற எடத்துல வரும்" என்றாள் மார்லா. "சட்டத்தப் பிடிச்சுக்கிட்டே ஓடி வந்து எங்கயாவது சொட்டும். சகஜம்தான்."

அப்படிச் சொன்னாளே தவிர, அவளுக்கே அது பொருந்தவில்லை. தண்ணீர் ஓடி வந்தால் ஓடிய தடம் இருக்கும். இந்த நாலு வட்டங்களுக்கும் நடுவே ஒரு கோடுகூட இல்லை. ஒவ்வொன்றும் தனியாக, யாரோ மேலேயிருந்து இடம் பார்த்து ஊற்றியதுபோல இருந்தது.

வெர்லின் ஏதோ எடுக்கப் பின்னறைக்குப் போனார். நடீன் சட்டென்று மார்லாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன.

"மழை வந்தா மேல தட்டற சத்தம் கேக்கும்" என்றாள் அடிக்குரலில். "மரத்துலேர்ந்து காய் விழுதுன்னு இவரு சொல்றாரு. சத்தம் வந்த உடனே டிவிய ஏத்தி வச்சிடுவாரு. கதவத் தொறக்க விடமாட்டாரு. காய் மூணு மூணா விழுமா, கண்ணு?"

வெர்லினின் காலடி திரும்பி வந்தது. நடீன் கையை விட்டுவிட்டாள்.

மணி இரண்டு இருக்கும். நாலே முக்காலுக்கு இருட்டிவிடும். அதற்குள் முடித்துவிடலாம் என்று மார்லா ஏணியைச் சாத்தினாள். கைப்பேசியை வேனிலேயே சார்ஜில் போட்டிருந்தாள். ரப்பர் விரிப்பு போட்ட கூரைமேல் மண்டியிட்டு வேலை செய்யும்போது பையில் கனமாக எதுவும் இருக்கக் கூடாது என்பது அவள் பழக்கம்.

கூரை முழுக்க ஊசியிலைச் சருகு. பெருக்கித் தள்ளினாள். கழிவறைக் காற்றுப்போக்கியைச் சுற்றி மூன்று அடுக்குப் பூச்சு, ஒன்றின் மேல் ஒன்றாக. அவள் நினைத்தது சரி. மூன்று பேரும் சுரண்டவே இல்லை.

தட்டைக் கத்தியை அடியில் கொடுத்து நெம்பினாள். மேல் அடுக்கு ரொட்டித் துண்டுபோலக் கழன்று வந்தது. அடுத்ததும் வந்தது. மூன்றாவதுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. நாலாவது.

அது வேறு கை.

அந்த மூன்று பேரும் அள்ளி அப்பியிருந்தார்கள். இதைச் செய்தவர் நிதானமாக, ஒரே அகலத்தில், விரல் நுனியால் வழித்துச் சீராக இட்டிருந்தார். மார்லாவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. அவளே இவ்வளவு அழகாகச் செய்திருக்க மாட்டாள். காற்றுப்போக்கியைச் சுற்றி வந்த அந்த வெள்ளைக் கோட்டைத் தொடர்ந்து சுரண்டிக்கொண்டே போனாள். முக்கால் வட்டம் வந்தது. அங்கே திடீரென்று நின்றது.

நின்ற இடத்தில் நாலு விரல்களின் தடம். பூச்சு ஈரமாக இருந்தபோது பதிந்து, கூரை ஓரத்தை நோக்கி ஒரு முழ நீளத்துக்கு இழுபட்டு, அப்படியே காய்ந்து கல்லாகியிருந்தது.

தடத்தின் முடிவில் என்னவோ சின்னதாக மினுங்கியது. மார்லா குனிந்து பார்த்தாள்.

நகம்.

முழு நகம். வேரோடு.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். யாருக்கோ வேலையில் அடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மழை ஆரம்பித்தது.

தார்ப்பாயை விரித்துக் கூடாரம்போலத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டாள். பழைய பூச்சு முழுவதையும் எடுத்து, துணியால் ஒற்றி, சூடான காற்று ஊதி இடத்தைக் காயவைத்தாள். பசை பிதுக்கும் துப்பாக்கியில், ஒழுக்கை அடைக்கும் சீலண்ட் பூச்சின் புதுக் குழாயைப் போட்டு அழுத்த ஆரம்பித்தாள். தேன்போல இளகி வந்து தானாகவே மட்டமாகிற சாமான் அது. கோடு அழகாக விழுந்தது. கால் வட்டம். அரை வட்டம்.

அவள் முதுகுக்குப் பின்னால் கூரை அமுங்கியது.

இப்படிப்பட்ட கூரையில் ஆள் நடந்தால் தெரியும். பலகை ஒரு விரற்கடை தாழ்ந்து மேலே வரும். மண்டியிட்டிருக்கிற இன்னொரு ஆளுக்கு அது முழங்காலில் தெரியும். மார்லாவுக்குத் தெரிந்தது. ஒரு தாழ்வு. இன்னொரு தாழ்வு. ஏணிப் பக்கமிருந்து அவளை நோக்கி.

"வெர்லின்?"

நனைந்த கம்பளியின் வாடை மட்டும் வந்தது.

தார்ப்பாயை விலக்கித் திரும்பினாள். கூரை காலியாக இருந்தது. ஆனால் அவள் பெருக்கிச் சுத்தமாக்கிய ரப்பரின் மேல் மழைநீர் மெல்லிய ஏடாக நின்றதில், இரண்டு பாத அளவுக்கு மட்டும் நீர் ஒதுங்கியிருந்தது. அவளிடமிருந்து ஒரு கைநீளத் தூரம்.

மார்லா எழுந்து பின்வாங்கினாள். ஈர ரப்பரில் கால் வழுக்கியது. இடுப்பு கூரையில் இடித்து, இடது கணுக்கால் உள்ளுக்குள் மடங்கி, விறகு முறிகிற மாதிரி சத்தம் வந்தது. வலியில் கண்ணை மூடித் திறந்தபோது, சாத்தியிருந்த ஏணி தானாக ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்து சரிந்தது. கீழே சேற்றில் விழுந்த சத்தம் கேட்டது.

பதினோரு அடி உயரம். இரண்டு காலும் நன்றாக இருந்தால் தொங்கிக் குதித்துவிடலாம். ஒரு கால் போன நிலையில், கீழே கல் அடுப்பும் கட்டை வேலியும் இருக்கிற இடத்தில், அது முடியாத காரியம்.

"வெர்லின்! நடீன்! ஏணி விழுந்துடுச்சு!"

காற்று அந்தக் குரலைக் கடல் பக்கமாக அள்ளிக்கொண்டு போனது. உள்ளே டிவியில் யாரோ சிரித்தார்கள். மார்லா கைமுட்டியால் கூரையில் ஓங்கித் தட்டினாள்.

தட். தட். தட்.

டிவியின் சத்தம் கூடியது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. கேட்கவில்லையோ என்று இன்னும் பலமாகத் தட்டினாள். சத்தம் இன்னும் கூடியது. அப்போதுதான் நடீன் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவள் தட்டத் தட்ட அவர்கள் கதவைத் திறக்கப் போவதில்லை. எவ்வளவு தட்டினாலும் அவர்களுக்கு அது மார்லா இல்லை.

மழை வலுத்தது. கோட்டு, சட்டை, உள்சட்டை எல்லாம் நனைந்து உடம்போடு ஒட்டியது. தார்ப்பாயின் அடியில் ஊர்ந்து சுருண்டுகொண்டாள். ஊசியிலைகளுக்கிடையே தெரிந்த வெளிச்சம் சாம்பலாகி, கருநீலமாகி, போய்விட்டது. பற்கள் தந்தியடித்தன. கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போயின. நடுக்கமும் குறைய ஆரம்பித்தபோது அவளுக்கு உண்மையான பயம் வந்தது. குளிரில் நடுக்கம் நின்றால் சாவு பக்கத்தில் வந்துவிட்டது என்று அந்தக் கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும்.

மறுபடி கையைத் தூக்கித் தட்டினாள். பலமில்லை.

தட். தட். தட்.

அவளுக்குப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

தட். தட். தட்.

தார்ப்பாயின் அடுத்த பாதி மெல்லத் தாழ்ந்தது. அடியில் ஒருவர் படுத்திருக்கிறதுபோல அதன் மேல் வடிவம் எழுந்தது. தோள். இடுப்பு. இடுப்புக்குக் கீழே ஒரு கால் இருக்கக் கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது.

மார்லாவால் கத்த முடியவில்லை.

தார்ப்பாயின் விளிம்புக்கு வெளியே ஒரு கை வந்தது. பெண்ணின் கை. ஊறி வெளுத்திருந்தது. விரல்களில் வெள்ளைச் சீலண்ட். நடுவிரலில் நகம் இல்லை. அது கூரையைத் தடவியது, பிறகு மடங்கித் தட்டியது. அலுப்போடு, பலநாள் பழக்கம்போல.

கீழே காலடி கேட்டது. கனமான காலடி. வெர்லின். அது கதவுவரை வந்தது. தாழ்ப்பாள் பாதி திரும்பும் ஓசை கேட்டது.

தாழ்ப்பாள் பழையபடி திரும்பியது. காலடி போய்விட்டது.

அவள் காதருகில் ஒரு குரல், ஈரமாக, மெதுவாகச் சொன்னது:

"அவனுக்குக் கேக்குது."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போனதென்று மார்லாவுக்குத் தெரியாது. அடுத்து அவள் கேட்டது கீழே நடக்கும் சண்டையை.

"விடு என் கைய! சொட்டு என் கண்ணுக்குள்ள விழுது வெர்லின், நகர்ந்தா கூடவே வருது! நான் வெளிய போகணும்னு அது சொல்லுது!"

"கதவத் தொறக்காதே, நடீன். நான் சொல்றேன்ல, காய் விழுதுடி!"

"அப்ப அந்தப் பொண்ணு எங்க? அவ வேன் நின்னுக்கிட்டு இருக்கே!"

கதவு படாரென்று திறந்தது. இருமல். சேற்றில் காலடி. டார்ச் வெளிச்சம் மரங்களில் தடுமாறியது.

"மார்லா! கண்ணு, மேல இருக்கியா? ஏதாவது பேசு!"

மார்லா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஆனால் அவள் பக்கத்தில் படுத்திருந்த உருவம் கூரையில் ஒரே ஒரு தடவை, மெதுவாகத் தட்டியது.

ஏணி ஓரத்தில் வந்து மோதியது. ஆக்சிஜன் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு வந்திருந்த நடீன், உதடு நீலம் பாரித்து, அந்த அலுமினிய ஏணியைத் தன் எலும்பும் தோலுமான உடம்பால் முட்டுக்கொடுத்துப் பிடித்திருந்தாள். மார்லா வயிற்றால் ஊர்ந்து, ஒற்றைக்காலில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் வெர்லின் நின்றிருந்தார். முகம் மாவாக வெளுத்திருந்தது.

"நான் அவள்னு நெனச்சேன்" என்றார்.

நடீன் நிமிர்ந்தாள். "எவ?"

வெர்லினின் கண்கள் கூரைப் பக்கம் போயின.

"எவன்னு கேக்கறேன். டெல்மாவா?" நடீன் மூச்சுக்குத் திணறினாள். "உன் மொத பொண்டாட்டி கூரைமேல ஏறி வழுக்கி விழுந்து செத்தா, நீ குடிச்சுட்டுத் தூங்கிட்டேன்னு சொன்னே. ஒன்பது வருஷமா ஊருக்கே அதத்தானே சொல்லியிருக்கே?"

"சண்டை" என்றார் வெர்லின். குரல் சின்னப் பையனுடையதுபோல இருந்தது. "ஒழுக்க அடைக்கறதுக்கு நான் லாயக்கில்லன்னு சொல்லிட்டு அவளே ஏறினா. நான்தான் ஏணிய எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் மேலயே கெடக்கட்டும், திமிரு எறங்கட்டும்னு. அங்கயே வழுக்கி விழுந்து அவ இடுப்பு போனது எனக்குத் தெரியாது, நடீன். சத்தியமாத் தெரியாது. தட்டினா. நான்... வந்து மன்னிப்புக் கேக்கட்டும்னு இருந்தேன்."

"எவ்வளவு நேரம் தட்டினா?"

வெர்லின் தலையைக் குனிந்துகொண்டார்.

"எவ்வளவு நேரம், வெர்லின்?"

"விடியக்காலம் மூணு மணிவரைக்கும்."

நடீன் உள்ளே போய் இயந்திரத்தையும் மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வேறு எதையும் தொடவில்லை. மார்லா வேனின் ஹீட்டரை முழுவதும் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடியை இறக்கினாள். அந்த ஆளிடம் பேசவே அவளுக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொன்னாள்.

"இன்னிக்கு மட்டும் இங்க இருக்காதீங்க. லைல் அறையிலயாவது போய்ப் படுங்க."

"இது என் வீடு" என்றார் வெர்லின். கதவைச் சாத்தி உள்ளே தாழ்போட்டுக்கொண்டார்.

ஊருக்குள் ஒரு விடுதியில் அவர்கள் தங்கினார்கள். வரவேற்பில் இருந்தவன் மார்லாவின் வீங்கிய காலைப் பார்த்து ஐஸ் பை கொண்டுவந்து கொடுத்தான். இரவு முழுக்க இருவரும் விளக்கை அணைக்கவில்லை. நடீனின் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழவில்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் படுத்துத் தூங்கினாள்.

காலையில், தன் துணிமணியை எடுக்க நடீன் போக வேண்டும் என்றாள். லைலையும் கூட்டிக்கொண்டு மூவரும் பதினாலாம் இடத்துக்குப் போனார்கள்.

மழை விட்டிருந்தது. டிரெய்லர் கொஞ்சம் மாறித் தெரிந்தது. ஏனென்று மார்லாவுக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு பார்த்தாள்.

கதவைச் சுற்றி வெள்ளைக் கோடு.

நாலு பக்கமும், ஒரே அகலத்தில், விரல் நுனியால் வழித்து. ஜன்னல்களைச் சுற்றியும். அடுப்புப் புகைபோக்கியின் வாயிலும். சாவித் துவாரத்திலும். காற்று நுழைய ஓர் ஊசிமுனை இடம் விடவில்லை.

"உன் வேலையா இது?" என்று லைல் மெல்லக் கேட்டார்.

மார்லா இல்லையென்று தலையை ஆட்டினாள். கூரையில் அவள் விட்டுவந்தது ஒரே ஒரு குழாய், அதுவும் பாதி. இவ்வளவையும் பூச இருபது குழாயாவது வேண்டும். அதோடு, அது இளகிப் பரவுகிற சாமான். கூரைக்கு மட்டும்தான் ஆகும். நிற்கிற சுவரில் இட்டால் நிமிடத்தில் வழிந்து ஒழுகிவிடும்.

இது ஒரு துளியும் வழியவில்லை.

சுற்றிலும் சேறு வழவழவென்றிருந்தது. நேற்று மார்லாவும் நடீனும் பதித்துப் போன காலடிகளைத் தவிர வேறு காலடி இல்லை.

அப்போது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. கதவின் அடிப்பக்கத்தில். பலவீனமாக.

தட். தட். தட்.

"உயிரோட இருக்கான்!" லைல் மார்லாவின் வேனிலிருந்து கத்தியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு பாய்ந்தார். பூச்சைக் கிழித்து, கடப்பாரையால் தாழ்ப்பாளை நெம்பிக் கதவைத் திறக்க ஐந்து நிமிடமானது. தட்டும் சத்தம் கடைசி நொடிவரை கேட்டுக்கொண்டே இருந்தது.

வெர்லின் கதவை ஒட்டித் தரையில் கிடந்தார். கை கதவுப் பக்கம் நீண்டிருந்தது. லைல் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ஐஸாக இருந்தது. விறைத்துப்போய்ப் பல மணிநேரமாகியிருந்தது.

கேஸ் கணப்பு எரிந்தபடி இருந்திருக்கிறது, காற்றுப்போக வழியில்லை, நள்ளிரவுக்கு முன்னாலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் வந்த அதிகாரி. எட்டு மணிக்குத் தட்டும் சத்தம் கேட்டதாக மூன்று பேர் தனித்தனியே சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டார். மார்லா இரவு முழுக்க விடுதியில் இருந்ததற்கு வரவேற்பின் கேமரா சாட்சி சொன்னது. வெளியிலிருந்து பூசியது யார் என்ற இடத்தில் அவர் எதுவும் எழுதவில்லை.

நடீன் தன் தங்கை வீட்டுக்கு, மழை குறைந்த கிழக்குப் பக்கம் போய்விட்டாள். மூச்சு கொஞ்சம் தேவலை என்று கடிதம் போட்டாள். டெல்மாவின் கல்லறைக்குத் தன் பேரில் பூ வைக்கச் சொல்லியிருந்தாள். மார்லா போய் வைத்தாள். அந்த வாரம்தான் லைல் கூப்பிட்டார்.

"அந்த வண்டிய முகாமுக்குப் பின்னால இழுத்துப் போட்டிருக்கேன், மார்லா. பழைய வண்டி வாங்கறவன் வந்து பாத்தான். பாத்துட்டு வேண்டாம்னுட்டான். நீ ஒரு தடவ வந்து பாரேன். எனக்கு வேற யாரக் கேக்கறதுன்னு தெரியல."

கால் தேறியிருந்தது. அபூர்வமாக வெயில் அடித்த ஒரு மதியம் அவள் போனாள். ஆறு நாளாக மழையே இல்லை. டிரெய்லர் வெட்டவெளியில், மரநிழல்கூட இல்லாமல், கதவு சாத்தி நின்றது. லைல் பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டார்.

"நாம கிழிச்சுத் தொறந்தோமே, அந்தக் கதவு" என்றார். "நல்லாப் பாரு."

கிழித்ததற்கு அடையாளமே இல்லை. வெள்ளைக் கோடு நாலு பக்கமும் முழுசாக இருந்தது.

மார்லா கிட்டே போனாள். புதுச் சீலண்டின் காரமான வாடை மூக்கில் ஏறியது. சாதாரணமாக ஒரு நாளில் மேல் தோல் காய்ந்துவிடும். ஆள்காட்டி விரலை நீட்டி, கதவின் மூலையில் மெதுவாக அழுத்தினாள்.

ஈரம். விரல் பாதி உள்ளே இறங்கியது. எடுத்தபோது அங்கே குழியும் அவள் ரேகையும் பதிந்திருந்தன.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, குழிக்கு மேல்பக்கத்திலிருந்து ஒரு சின்னப் பள்ளம் தோன்றிக் கீழே இறங்கி வந்தது. நிதானமாக. விரல் நுனி அகலத்தில்.

அது அவள் ரேகையை வழித்துச் சமமாக்கிவிட்டு, மூலையைச் சுற்றித் திரும்பி, கோட்டோடு போய்க்கொண்டே இருந்தது.